தோட்டாவின் பெயர்

தோட்டாவுக்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடியவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பாதிப் பேராவது இருப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். சம்பந்தம் உண்டு என்று ஆரம்பத்திலேயே ஸ்தாபித்துவிட்டு மேலே போகும் உத்தேசம் எனக்கில்லை. நான்கு மாதங்களாக ஒரு பித்தளைக் கூட்டை அடையாளம் காண்பதில் ஈடுபட்டிருந்தேன். அந்த வேலையினூடே பெயர்களைப் பற்றித் தெரியவந்த சில விஷயங்கள், பெயர்களை வைத்தே காரியம் நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கலாம் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாயார் பிறந்த வீடு பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது. அந்த வீட்டுப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால், ஒரு சிறு வேலுக்குப் பக்கத்தில், இரண்டு அங்குல உயரத்தில் ஒரு பித்தளைக் கூடு நிற்கும். குண்டும் மருந்தும் இல்லாத வெற்றுத் தோட்டா. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஆயுத பூஜையன்று பூவும் உண்டு. அம்மாவின் தாத்தா, அதாவது எனக்குப் பூட்டன், 'ஜெர்மன் சண்டை'க்குப் போய்ப் பசராவிலிருந்து திரும்பும்போது எதிரியிடமிருந்து கைப்பற்றிக் கொண்டுவந்தது என்பது குடும்ப ஐதீகம்.

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர் போட்டார்கள். அதில் பூட்டனைப் பற்றி அரைப் பக்கம் வேண்டும் என்று மாமா கேட்டார். "நீதான் எழுதறவனாச்சே மாப்ள" என்றார். தோட்டாவின் புகைப்படம், அதன் கீழே ஒரு வரி. அந்த ஒரு வரியில் என்ன எழுதுவது என்பதுதான் பிரச்னையாயிற்று.

*

தோட்டாக்களுக்குப் பெயர் வைத்தவர்கள் எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்பட்டவர்களாகத் தெரியவில்லை. எங்கள் கிளையில் காவலுக்கு இருக்கும் ஹவில்தார் வைத்திருப்பது 12 போர் இரட்டைக் குழல். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும் என்பது அந்த எண்ணின் பொருள். எனவே எண் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டு போகும். 16 போர் 12-ஐ விடச் சிறியது, 20 அதைவிடச் சிறியது. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த .410-இல் உருண்டைக் கணக்கே கிடையாது. அது அங்குலத்தின் பின்னம்.

அமெரிக்கர்களின் பெயர்கள் இன்னும் சுவாரஸ்யமானவை. .30-30-இல் இரண்டாவது 30, முதலில் அதில் அடைக்கப்பட்ட மருந்தின் எடை, கிரெய்ன் கணக்கில். .30-06-இல் 06 என்பது 1906-ஆம் வருஷம். .250-3000-இல் 3000 என்பது வினாடிக்கு இத்தனை அடி வேகம் என்ற விளம்பரம். .38 ஸ்பெஷலின் குண்டை அளந்தால் .357-தான் வரும். பிரிட்டிஷார் 1871-இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். .577 அளவுள்ள பழைய கூட்டின் கழுத்தை .450-க்கு ஒடுக்கிச் செய்தது. ஆனால் கோடு போட்டு இரண்டு எண் எழுதினால் எல்லா இடத்திலும் அது தாயையும் பிள்ளையையும் குறிக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

.303 நம்மவர்களுக்குப் பழக்கமான எண். போலீஸ் ஸ்டேஷன்களிலும் என்.சி.சி. முகாம்களிலும் ஒரு காலத்தில் எல்லோரும் உச்சரித்த எண். ஆனால் .303 குண்டின் குறுக்களவு .303 அங்குலம் அல்ல, ஏறக்குறைய.311. இதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கிக் குழலின் உள்ளே சுருளாகச் சால் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தச் சாலில் பற்றிக்கொண்டு சுழன்று வெளியேறும். சாலுக்கும் சாலுக்கும் நடுவே மேடாக வரப்பு நிற்கும். எதிரெதிர் வரப்புக்கு நடுவே அளந்தால் ஓர் எண், எதிரெதிர் சாலுக்கு நடுவே அளந்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிய எண். .303 என்பது வரப்புக் கணக்கு. குண்டோ சாலை நிரப்ப வேண்டியது. இரண்டு எண்ணும் சரி. எதிலிருந்து எதற்கு அளந்தார்கள் என்று பெயர் சொல்லாது. இதில் இன்னொரு சிக்கல்: அமெரிக்காவில் .303 சாவேஜ் என்று வேறொரு தோட்டா இருந்தது. பிரிட்டிஷ் .303-க்கும் அதற்கும் எண்ணைத் தவிர வேறு உறவில்லை. ஒன்றை மற்றதில் போட முடியாது. மாறாக ஜப்பானியக் கடற்படை 7.7 என்று பெயரிட்டுப் பயன்படுத்திய தோட்டா, அப்பட்டமாக பிரிட்டிஷ் .303-தான். அங்குலத்தில் சொன்னதை மில்லிமீட்டரில் சொன்னார்கள்.

எண்ணில் மட்டும்தான் குழப்பம் என்றில்லை. ஜெர்மானியர்களின் 8×57 தோட்டாவுக்கு 'ஐ' என்ற அடைமொழி உண்டு. காலாட்படை என்பதன் முதலெழுத்து. பழைய ஜெர்மன் எழுத்து முறையில் பெரிய 'ஐ'யும் 'ஜே'யும் ஏறக்குறைய ஒரே வடிவம். படித்த வெளிநாட்டார் அதை 'ஜே' என்று படித்தார்கள். அந்தப் பிழைப் பாடம் நிலைபெற்று, 'ஜேஎஸ்' என்று பொறித்த தோட்டாக்களைத் தொழிற்சாலைகளே செய்து விற்கும் நிலைமை வந்தது. இதில் 'எஸ்' சேர்ந்தது 1905-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு. குண்டின் குறுக்களவு .318-லிருந்து .323-க்கு ஏறியது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. பழைய குழலில் புதிய குண்டைப் போட்டுச் சுட்டால் அழுத்தம் எகிறும்.

ஏட்டுச் சுவடி பார்த்தவர்களுக்கு இந்த 'ஐ–ஜே' விவகாரம் புதிதாக இராது. ஓலையில் புள்ளி குத்தமாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்று, ஒகரமும் ஓகாரமும் ஒன்று. கால் போட்டிருக்கிறதா, ரகரமா என்பதை இடம் நோக்கித்தான் சொல்ல வேண்டும். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியபோது உ.வே.சாமிநாதையர் செய்த வேலையில் பெரும் பகுதி இது. ஒரு வரியில் நிற்பது மெய்யா உயிர்மெய்யா என்று நிச்சயிப்பதற்கு அந்த ஒரு வரி போதாது. பல பிரதிகள் வேண்டும், உரை வேண்டும், வேறு நூல்களின் பிரயோகம் வேண்டும். நாம் விமர்சனம் என்று சொல்லிக்கொள்வதில் இந்தப் பொறுமை எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி.

*

பூஜை அலமாரிக் கூட்டுக்கு வருகிறேன். மாமா வீட்டில் அதை ஒரு மணி நேரம் இரவல் வாங்குவதே பெரும்பாடாயிற்று. எங்கள் ஹவில்தாரிடம் புகைப்படத்தைக் காட்டினேன். பட்டாளத்தில் 7.62-ம் 5.56-ம் கையாண்டவர் அவர். "த்ரீ நாட் த்ரீ இல்லீங்க சார். அது ஒல்லியா, கொஞ்சம் நெட்டையா இருக்கும். இது குட்டை, தடி" என்றார். அளவுகோல் இல்லாமல் கண்ணால் சொன்னது. பிறகு லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் வெர்னியர் வாங்கி அளந்தபோது அவர் சொன்னது உறுதிப்பட்டது. .303 கூட்டின் நீளம் 56 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இது 50-ஐ ஒட்டி நின்றது. அடி விளிம்பு ஏறக்குறைய 14. விளிம்பு உடலைவிட அகலமாகப் பிதுங்கியிருந்தது. ஐரோப்பிய முறையில் இப்படிப்பட்ட கூட்டுக்கு எண்களுக்குப் பின்னால் 'ஆர்' சேர்ப்பார்கள். விளிம்பு என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. கழுத்தின் வாய் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான குண்டைக் கவ்வும் அளவு.

ஆக 8×50ஆர். பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு தோட்டாக்கள் இருக்கின்றன. ஒன்று 1886-இல் பிரெஞ்சு ராணுவம் ஏற்றுக்கொண்ட லெபல். புகையில்லா மருந்தைப் பயன்படுத்திய முதல் ராணுவத் துப்பாக்கியின் தோட்டா. இன்னொன்று ஆஸ்திரிய–ஹங்கேரிய ராணுவத்தின் மான்லிக்கர், 1890-இல் வந்தது. குழலின் அளவு எட்டு, நீளம் ஐம்பது, இரண்டிலும் விளிம்பு. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இரட்டைப் பிறவிகள். ஆனால் லெபலின் விளிம்பு 16 மில்லிமீட்டர். அடிப்பக்கம் பருத்து, இரண்டு கட்டமாகச் சரிந்து கழுத்துக்கு வரும், குண்டுச் சட்டிபோல. பெயரில் இல்லாத ஓர் அளவுதான் இரண்டையும் பிரிக்கிறது. எங்கள் கூடு மான்லிக்கர் என்பது தீர்ந்தது.

என் மாமா பையன் இன்ஜினியர். இந்த இடத்திலேயே அவன் முடிவுக்கு வந்துவிட்டான். ஆஸ்திரியா முதல் உலகப் போரில் ஜெர்மனியின் கூட்டாளி. தோட்டா ஆஸ்திரிய ராணுவத்தினுடையது. ஆகவே பூட்டன் எதிரியிடமிருந்து கைப்பற்றியதேதான். மாமா வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள் என்று அம்மா சொன்னாள். முதல் இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே சரியானவை என்பதுதான் இதில் விசேஷம். முதல் இரண்டிலிருந்து மூன்றாவது வருவதில்லை. மெசபொட்டேமியாவில் இந்தியப் படைகள் மோதியது துருக்கியரோடு. துருக்கியக் காலாட்படையின் பிரதான ஆயுதம் 7.65 மில்லிமீட்டர் மாஸர், விளிம்பு பிதுங்காத தோட்டா. எதிரியின் கூட்டாளி வைத்திருந்தது என்பதாலேயே எதிரியின் கையில் இருந்தது என்று ஆகிவிடாது. நம் இலக்கிய வரலாறுகளில் 'தாக்கம்' என்ற சொல் எப்படி வேலை செய்கிறதோ அப்படித்தான் இந்த அனுமானமும் வேலை செய்தது. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் அது இருந்தது, எனவே இவர் அதைப் பெற்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாயி பூஜைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்தபோது கூட்டையும் தேய்த்துக் கவிழ்த்துவைத்தாள். அறுபது வருஷச் சந்தனமும் எண்ணெயும் அடிப்பக்கத்தில் இறுகிக் கிடந்தது. நின்றுகொண்டிருக்கும் பொருளின் அடியை யாரும் பார்ப்பதில்லை. அது கழன்றதும் எழுத்துத் தெரிந்தது. 'கே', 'எஃப்', கீழே .315. வருஷம் இல்லை.

*

'கேஎஃப்' என்பது கிர்க்கி தொழிற்சாலை. புணேவுக்குப் பக்கத்தில், இன்று கட்கி என்று எழுதப்படும் இடத்தில் 1869-இல் ஏற்பட்டது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் தோட்டா மராட்டியத்தில் எப்படிச் செய்யப்பட்டது, அதற்கு ஏன் .315 என்று பெயர் வந்தது என்பதுதான் இந்த விஷயத்தின் ஆழமான பகுதி.

1857-ஐ மூட்டியது ஒரு தோட்டா. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவியிருந்த கொழுப்பைப் பற்றிய வதந்தி அந்த வருஷம் ஜனவரியில் கல்கத்தா பக்கத்து டம்டம்மில் கிளம்பிற்று. (அதே டம்டம் ஆயுதசாலை, நாற்பது வருஷத்துக்குப் பிறகு, உடம்புக்குள் விரியும் .303 குண்டைச் செய்து தன் ஊர்ப் பெயரை உலகத்தின் எல்லா மொழிகளுக்கும் கொடுத்தது. 1899-இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைத் தடைசெய்தது.) கலகம் அடங்கியபின் ஆட்சியாளர்களுக்கு ஒரு பயம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. லிட்டன் வைஸ்ராயாக இருந்த 1878-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று ஆயுதச் சட்டம். இந்தியர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இன்னொன்று சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டம். இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு விலக்கு. இரண்டையும் ஒரே வருஷம் எழுதிய கை, துப்பாக்கியையும் தாய்மொழியையும் ஒரே ரகமான வஸ்துவாகக் கருதியது என்பதைச் சிறு பத்திரிகைக்காரர்கள் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பயம் இன்னும் நுணுக்கமாயிற்று. ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா திருடுபோனால் அது வெளியில் யாருடைய துப்பாக்கிக்கும் பொருந்தக் கூடாது. ஆகவே ராணுவ அளவுகள் சாதாரண ஜனங்களுக்கு விலக்கப்பட்டன. .303 போயிற்று. .450-ம் போயிற்று, யானை வேட்டைத் துப்பாக்கி செய்துவந்த லண்டன் கம்பெனிகள் அதன் காரணமாகவே.465, .470, .475 என்று புதுப் புது எண்களைக் கண்டுபிடிக்க வேண்டி வந்தது. .303-இன் இடத்துக்கு இந்தியாவில் எங்கும் ராணுவம் பயன்படுத்தாத ஒரு தோட்டா தேவைப்பட்டது. மான்லிக்கரின் எட்டு மில்லிமீட்டர் அதற்குக் கச்சிதமாக இருந்தது. பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே குழலை மட்டும் இதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

எட்டு மில்லிமீட்டரை அங்குலமாக்கினால் .315. வரப்புக் கணக்கு. குண்டை அளந்தால் .323 வாக்கில் வரும். பெயர் இவ்வளவுதான். ஆனால் 'மான்லிக்கர்' போய்விட்டது, 'எட்டு' போய்விட்டது, 'ஐம்பது' போய்விட்டது, விளிம்பும் போய்விட்டது. வெளிநாட்டார் இப்போது இதை 'முன்னூற்றுப் பதினைந்து இந்தியன்' என்கிறார்கள். இதைப் பெற்ற சாம்ராஜ்யம் 1918-இல் இல்லாமல் போயிற்று. அதன் வாரிசு நாடுகள் இரண்டும் 1930-களில் 8×56ஆர் என்ற வேறு தோட்டாவுக்கு மாறிவிட்டன. இங்கேயோ சுதந்திரத்துக்குப் பின்னும் இஷாப்பூர் தொழிற்சாலை .315 துப்பாக்கியைச் செய்துவந்தது. 1959-இல் பழைய சட்டம் போய்ப் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 'தடைசெய்யப்பட்ட போர்', 'தடைசெய்யப்படாத போர்' என்ற பிரிவினை வரவில்லையா என்றால் வந்தது. .303-ஐ விட்டுப் பட்டாளம் வெகு தூரம் போன பிறகும் அது விலக்கப்பட்ட எண்ணாகவே இருக்கிறது. பயப்பட்டவர்கள் கப்பலேறிப் போனார்கள், பயத்தின் எண் மட்டும் சட்டப் புத்தகத்தில் தங்கிற்று.

ஆகவே .315 என்ற பெயரைத் தப்பான பெயர் என்று சொல்ல மாட்டேன். குண்டின் அளவாக அது குறைபாடுள்ளது. தோட்டாவின் வம்சமாக அது மௌனம் சாதிக்கிறது. ஆனால் இந்தத் துணைக்கண்டத்தில் யார் எதைக் கையில் வைத்திருக்கலாம் என்று யார் தீர்மானித்தார்கள் என்பதை மிகச் சரியாகச் சொல்கிறது. பெயர் பொருளை அளப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பல சமயங்களில் அது அனுமதியை அளக்கிறது.

*

நம் பக்கத்துப் பெயர்களை இந்த வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம். 'எழுபதுகளின் கவிதை' வருஷப் பெயர், .30-06 மாதிரி. 'கரிசல் இலக்கியம்' மண்ணின் பெயர், டம்டம் மாதிரி. 'முற்போக்கு' வேகத்தின் விளம்பரம்; .250-3000-ஐ அடித்த கம்பெனிக்கும் வாடிக்கையாளரைப் பற்றி இதே அபிப்பிராயம்தான் இருந்திருக்கும். 'நவீனத்துவம்' என்பது .303. இரண்டு வெவ்வேறு தோட்டாக்களுக்கு ஒரே எண். ஒன்றை மற்றதில் போட முடியாது என்று சொல்ல ஆளில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யாப்பில்லாத கவிதைக்கு நாம் வைத்த பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வசன கவிதை, சுயேச்சா கவிதை, கட்டற்ற கவிதை, கடைசியில் புதுக்கவிதை. இதில் 'சுயேச்சா'வும் 'கட்டற்ற'வும் இங்கிலீஷ் வழியாக வந்த ஒரு பிரெஞ்சுப் பெயரின் மொழிபெயர்ப்பு. விடுதலை என்றால் எதிலிருந்து? இங்கிலீஷ்காரன் விட்டு விடுதலையானது அழுத்த எண்ணிக்கையிலிருந்து. ஓர் அடிக்கு இத்தனை அழுத்தம் விழ வேண்டும் என்ற கணக்கு. நம் யாப்பில் அழுத்தமே கிடையாது. அசை, சீர், தளை. இரண்டு சீர்களுக்கு நடுவே உள்ள பந்தம். அவன் வரப்பிலிருந்து அளந்தான், நாம் சாலிலிருந்து அளக்க வேண்டியவர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே விடுதலை என்று எடுத்துக்கொண்டோம். அதன் விளைவு: தளை தட்டுகிறதா என்று பார்ப்பதை விட்டோம், தளை போன இடத்தில் எது இப்போது சொல்லையும் சொல்லையும் பிணைக்கிறது என்று பார்ப்பதையும் விட்டோம். முந்தையது போனதில் எனக்குத் துக்கமில்லை. பிந்தையதைச் செய்யாத விமர்சனம், கூட்டை அளக்காமல் பெட்டியின் மேல் ஒட்டிய காகிதத்தைப் படித்துவிட்டு வருகிற விமர்சனம்.

தோட்டாவில் ஒரு சௌகரியம் உண்டு. தப்பான பெயரை நம்பித் தப்பான குழலில் போட்டால் ஒன்று உள்ளே போகாது, அல்லது போய் வெடித்துக் கையைப் பறிக்கும். பொருள் திருப்பி அடிக்கிறது. கவிதை திருப்பி அடிப்பதில்லை. எந்தப் பெயரை ஒட்டினாலும் பேசாமல் இருக்கிறது. முப்பது வருஷம் ஒருவர் ஒரே தப்பான பெயரை உபயோகித்துக் கருத்தரங்குகளில் பொன்னாடை வாங்க முடியும். நமக்கு வேண்டிய வெர்னியர் எது என்பதை நான் இங்கே சொல்லித் தீர்க்கப் போவதில்லை. லெபலையும் மான்லிக்கரையும் பிரித்தது பெயருக்குள் இல்லாத ஓர் அளவு என்பதை மட்டும் திரும்ப நினைவூட்டுகிறேன். ஒரு கவிதையைப் பற்றி எந்தப் பெயரும் சொல்லாத ஓர் அளவை, அந்தக் கவிதையிடமே போய் எடுத்துக்கொண்டு வருகிறவனைத்தான் விமர்சகன் என்று நான் மதிக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர்தான் இருந்திருக்கிறார்கள்.

*

அம்மாயிக்கு எண்பத்து நான்கு வயசு. கூட்டில் எழுத்து இருக்கிறது, அது பசராவிலிருந்து வந்ததாக இருக்க முடியாது, இங்கேயே செய்தது, வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் விற்றது என்று அவளிடம் போய்ச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அறுபது வருஷம் பொட்டு வைத்தவள். சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"சண்டையில வந்துதுன்னு அவிக ஒரு நாளும் சொன்னதில்ல கண்ணு. அது நாம சொன்னது" என்றாள். 'அவிக' என்பது அவளுடைய மாமனார், என் பூட்டன். "எஸ்டேட்ல ராக்காவலுக்குப் போயிட்டிருந்தாங்க. உங்கம்மா என்ற வயித்துல இருந்தப்ப. ஒரு நா விடியால வந்து, மடியிலிருந்து அதை எடுத்து அந்த அலமாரியில வெச்சுப்போட்டு, குளிக்கப் போனாங்க. அன்னிக்கு முச்சூடும் சோறு திங்கல. அடுத்த நாள்ல இருந்து காவலுக்கும் போகல. எதுக்குன்னு மாமனார்கிட்டப் போய்க் கேக்க முடியுமா? வெச்சது அவிக. பொட்டு வெச்சது மட்டும் நானு."

பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தாள். பசராவுக்குப் போனதற்கான சாட்சி அதில் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு மனிதன், 1914, 1918. விளிம்பில் பூட்டன் பெயர் இங்கிலீஷில், எழுத்துப் பிழையோடு. வெண்கலம். அந்தப் போர்ப் பதக்கத்தை வெள்ளியில் கொடுத்தது ஆயுதம் தூக்கிப் போனவர்களுக்கு. வெண்கலத்தில் கொடுத்தது சுமை தூக்கவும் குழி வெட்டவும் போனவர்களுக்கு. பதக்கத்துக்கு இந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் பூ வைத்ததில்லை. அவரும் வைக்கவில்லை.

அந்த விடியற்காலை என்ன நடந்தது என்று ஊகித்து எழுதுவது சிறுகதைக்காரர்களின் வேலை. மலருக்கு நான் எழுதிக் கொடுத்த அரைப் பக்கத்தில், பூட்டன் முதல் உலகப் போரில் சுமை தூக்கும் பிரிவில் பசரா போனதையும், திரும்பி வந்து எஸ்டேட்டில் காவல் இருந்ததையும், ஒரு நாளோடு அந்த வேலையை விட்டதையும் எழுதினேன். படத்துக்குக் கீழே: '.315 தோட்டாக் கூடு. கிர்க்கி தொழிற்சாலை. பூட்டனார் தம் கையால் பூஜையில் வைத்தது.'

"சுமை தூக்கப் போனாருன்னு போடோணுமா மாப்ள?" என்று மாமா கேட்டார்.

"போடோணும் மாமா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

மலர் வந்தது. 'சுமை தூக்கும் பிரிவு' என்ற இடத்தில் 'ராணுவம்' என்று மாற்றியிருந்தார்கள். தோட்டாவைப் பற்றிய வரியில் யாரும் கை வைக்கவில்லை. எண்ணுக்கு முன்னால் இருந்த புள்ளி மட்டும் அச்சில் விழவில்லை. 315 தோட்டா என்று இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து அதைப் படிக்கிற பேரன், முன்னூற்றுப் பதினைந்து தோட்டாக்களைக் கைப்பற்றிய பூட்டனைக் கண்டுபிடிப்பான். அவன் கூட்டைக் கவிழ்த்துப் பார்க்கிறவனாக இருந்தால் நல்லது. புளி போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும் என்பதை அவனுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.